முயல் தேசத்தில் இரண்டு துப்பாக்கிகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. மேசை மேல் இரண்டு துப்பாக்கிகள். இரண்டும் சுடுவது ஒரே .22 தோட்டாவைத்தான். குழலின் நீளத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் முயலுக்கு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டு தன்மேல் பட்டது என்று தெரியப்போவதில்லை. சட்டத்துக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. முதல் துப்பாக்கிக்கு 'ஏ' பிரிவு உரிமம். முயல் தொல்லை இருக்கிறது, சுட நிலம் இருக்கிறது என்று காட்டினால் அது கிடைத்துவிடும். இரண்டாவது 'சி' பிரிவு. அதை வாங்க வருபவர் விவசாயத்தையோ மேய்ச்சலையோ தொழிலாகக் கொண்டவராக இருக்க வேண்டும். தன் வேலை வேறு துப்பாக்கியால் ஆகாது என்பதையும் காவல்துறைக்குப் புரியவைக்க வேண்டும்.

முதலாவது போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால்தான் அடுத்த தோட்டா ஏறும். இரண்டாவது செமி ஆட்டோமேட்டிக். விசையை அழுத்தும் தோறும் ஒரு குண்டு போகும். காலி உறையை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும்.

பயிரையும் புல்லையும் தின்னும் முயலைச் சுட இவற்றில் எது ஏற்றது? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நூறாண்டுக்கு மேலாக இந்த விவாதம் நடக்கிறது. விடை பலமுறை மாறியிருக்கிறது. இத்தனைக்கும் இரண்டு இயந்திரங்களின் அடிப்படை 1910-ஆம் ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அதற்குப் பின் மாறியது முயலின் விலைதான். முயல் பணமாக இருந்த காலத்தில் ஒரு துப்பாக்கி வென்றது. அது பகையான காலத்தில் மற்றது முன்னுக்கு வந்தது. பிறகு முயலுக்குச் சற்றும் தொடர்பில்லாத மூன்று படுகொலைகள் வந்து கணக்கையே மாற்றி எழுதின.

பட்டாசு அளவு மருந்து

.22 தோட்டா தமிழகத்துக்குப் புதிதல்ல. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் முகாமில் குப்புறப் படுத்துக்கொண்டு குறிபார்த்துச் சுட்டது இந்தத் தோட்டாவைத்தான். அதுவும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில்தான். இதன் பாட்டன் பிரான்சில் பிறந்தான். 1845-இல் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற துப்பாக்கிக் கலைஞர், வீட்டுக் கூடத்துக்குள்ளேயே இலக்கு வைத்துச் சுட்டு விளையாட ஏற்ற ஒரு சிறு தோட்டாவைச் செய்தார். அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் அதையே சற்று வளர்த்து, 1857-இல் .22 ஷார்ட் என்று தன் கைத்துப்பாக்கிக்காகக் கொண்டுவந்தது. 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த .22 லாங் ரைஃபிள்தான் இன்றுவரை உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகைக்கு ரிம்ஃபயர் என்று பெயர். தட்டினால் தீப்பற்றும் மருந்து, உறையின் அடியில் நடுவில் இல்லாமல் சுற்று விளிம்புக்குள் தடவப்பட்டிருக்கும். ஊசி விளிம்பில் அடித்தால் போதும். விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் உறை மெல்லிய தகடாகத்தான் இருக்க முடியும். மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதனாலேயே ரிம்ஃபயர் தோட்டாக்கள் சிறியவையாகவே நின்றுவிட்டன. ஒருமுறை சுட்ட உறையை மறுபடி நிரப்பவும் முடியாது. குண்டு வெறும் 2.6 கிராம் ஈயம். சாதாரண வகை நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் பறக்கும், வேகமான வகை 380 மீட்டரில். தோள் உதைபடாது, காது அடைக்காது, விலையும் மலிவு. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிராணிக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற தோட்டா இது.

அந்தப் பிராணி ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிராணி அல்ல. விக்டோரியா மாநிலத்தின் வின்செல்சி என்ற ஊருக்கு அருகே பார்வன் பார்க் பண்ணை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், இங்கிலாந்தில் பழகிய வேட்டைப் பொழுதுபோக்கை விட மனமில்லாமல் ஊரிலிருந்து முயல்களை வரவழைத்தார். லைட்னிங் என்ற கப்பலில் ஏறிய முயல்கள் 1859 கிறிஸ்துமஸ் நாளன்று வந்து இறங்கின. மொத்தம் 24. எட்டு ஆண்டு கழித்து, விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் அதே பண்ணைக்கு விருந்தாளியாக வந்து முயல் சுட்டு மகிழ்ந்தபோது, குறி வைக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அவை பெருகியிருந்தன.

அதன் பிறகு நடந்தது பலரும் அறிந்த கதை. முயல்கள் கண்டத்தையே கடந்தன. 1887-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, முயலை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. லூயி பாஸ்டர் பாரிசிலிருந்து தன் உறவினரான அட்ரியன் லுவாரைக் கோழிக் காலராக் கிருமியுடன் அனுப்பிவைத்தார். கிருமியை வெளியே விட அனுமதி கிடைக்கவில்லை. பரிசும் யாருக்கும் போகவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவோ 1901-இல் தொடங்கி 1907 வரை வடக்கிலிருந்து தெற்காக 1,833 கிலோமீட்டர் நீள வேலி போட்டது. வேலி முடிவதற்கு முன்பே முயல்கள் மறுபக்கம் போய்ச் சேர்ந்திருந்தன.

தோலுக்கு விலை இருந்த காலம்

நில உடைமையாளருக்கு முயல் நாசம். நிலமற்றவருக்கோ அது கூலி. தோலை உரித்துக் காயவைத்தால் தொப்பி செய்பவர்கள் வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற அகூப்ரா தொப்பிகள் முயல் ரோமத்தால் ஆனவை. இரு உலகப் போர்களிலும் அந்நாட்டுப் படைவீரர்கள் ஒருபக்கம் மடித்து அணிந்த அகன்ற தொப்பிக்கும் அதே ரோமம்தான். இறைச்சியைக் குளிரூட்டிக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1930-களின் பெருமந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு வாரத்தின் பெரும்பாலான நாள் முயல்கறிதான் உணவு. சிட்னித் தெருக்களில் முயல் விற்பவர் கூவிக்கொண்டு போவார்.

இந்தத் தொழிலில் முதல் ஆயுதம் துப்பாக்கி அல்ல, இரும்புப் பொறி. பொறியில் அகப்பட்ட முயலின் தோலில் ஓட்டை இருக்காது. இறைச்சியில் ஈயமும் இருக்காது. துப்பாக்கி எடுப்பவர் அந்தத் தரத்தோடு போட்டியிட வேண்டியிருந்தது. உடம்பில் பட்டால் தோலும் போச்சு, கறியும் போச்சு. தலையில் மட்டுமே பட வேண்டும். ஒரு தோட்டாவுக்கு ஒரு முயல் விழாவிட்டால் அந்தத் தோட்டாக் காசு சம்பாத்தியத்திலிருந்து கழிந்தது.

இப்படிப்பட்டவர் கையில் எடுத்தது ஒற்றைத் தோட்டா போல்ட் ஆக்‌ஷன். மேகசின் கிடையாது. கதவுத் தாழ்ப்பாளைப் போலத் திருகித் திறந்து, விரலால் ஒரு தோட்டாவை வைத்து, தாழ்ப்பாளைப் பூட்டிச் சுட வேண்டும். ஜான் பிரௌனிங் வடிவமைத்து வின்செஸ்டர் நிறுவனம் 1900-இல் விற்பனைக்கு விட்ட மாடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உதிரிப் பாகங்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். பழுதாக எதுவும் இல்லை. விலை ஏழைக்கும் எட்டும். அதிலிருந்து கிளைத்த இன்னொரு விசித்திரமான துப்பாக்கி 1904-இல் வந்தது. அதில் கீழே விசையே கிடையாது. கட்டைவிரலைப் பின்பக்கத்துக் குமிழில் வைத்து அழுத்தினால் வெடிக்கும். அமெரிக்காவில் அதை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. விலைபோனது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில்தான்.

ஒற்றைத் தோட்டா என்பது இங்கே குறை அல்ல, ஒழுங்கு. அடுத்த தோட்டா உடனே வராது என்று தெரிந்தவர் முதல் தோட்டாவைக் காத்திருந்து சுடுவார். பண்ணைகளில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் துப்பாக்கி பழகியதும் இதில்தான். போல்ட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் இரும்புக் குழாய். தந்தைமார்களுக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தத் தேவையை உள்நாட்டிலேயே நிறைவேற்ற ஒரு தொழிற்சாலை முன்வந்தது. நியூ சவுத் வேல்ஸின் லித்கோ நகரில் 1912-இல் திறக்கப்பட்ட அரசு ஆயுதத் தொழிற்சாலை அது. இரு போர்களிலும் .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள்களைச் செய்தது. அந்த .303-ஐத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களிலும் பல்லாண்டு காலம் பார்த்திருக்கிறோம். இந்தியாவில் அதைச் செய்தது வங்காளத்தின் இச்சாப்பூர் ஆலை. போர் ஓய்ந்ததும் லித்கோவின் பட்டறைகளில் எளிய .22 போல்ட் ஆக்‌ஷன்கள் வரத் தொடங்கின. டென்னிஸ் மட்டைக்குப் பேர்போன ஸ்லேசஞ்சர் நிறுவனத்தின் முத்திரையோடும் அவை கடைகளில் விற்றன. செக் நாட்டிலிருந்து வந்த பிர்னோ ரைஃபிள்கள் சற்று விலை கூடியவை. ஐந்து தோட்டா மேகசினும் நேர்த்தியான குழலும் கொண்டவை. இன்றும் ஆஸ்திரேலியப் பண்ணை வீடுகளில் தாத்தாவின் பிர்னோவைப் பேரன் வைத்திருப்பதைக் காணலாம்.

தானே ஏற்றிக்கொள்ளும் இயந்திரம்

செமி ஆட்டோமேட்டிக் .22 இதற்கிடையே எப்போதோ பிறந்துவிட்டது. 1903-இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் பொறியாளர் தாமஸ் ஜான்சன் அதை உருவாக்கினார். அவருக்கு முன்னால் நின்ற தடை இயந்திரத்தில் இல்லை, வெடிமருந்தில் இருந்தது. அன்று கடையில் கிடைத்த .22 தோட்டாக்களில் பல இன்னும் கரிமருந்து நிரப்பியவை. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடும்தான். போல்ட் துப்பாக்கியில் கசடு அடைத்தால் கையால் ஓங்கித் தட்டித் திறந்துவிடலாம். தானே இயங்கும் துப்பாக்கியில் அந்தக் கை இல்லையே! அதனால் புகையற்ற மருந்து மட்டுமே நிரப்பிய தனி அளவுத் தோட்டாவை வின்செஸ்டர் செய்தது. வேறு எந்த .22-உம் அந்தத் துப்பாக்கியில் நுழையாதபடி அதன் அளவு அமைந்திருந்தது. விளைவு: துப்பாக்கி நன்றாக ஓடியது, தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்கவில்லை. புகையற்ற மருந்து எங்கும் பரவிய பிறகு, 1933-இல்தான் அதே துப்பாக்கி சாதாரண லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு மாற்றப்பட்டு மாடல் 63 ஆனது.

இந்தத் துப்பாக்கிகளின் உள்ளே நடப்பது மிக எளிது. போல்ட்டைப் பூட்டும் கொக்கி எதுவும் இல்லை. கனமான இரும்புத் துண்டு ஒன்று, அதன் பின்னால் ஒரு சுருள்வில், அவ்வளவுதான். மருந்து வெடிக்கும்போது வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே விசையில் உறையைப் பின்னே தள்ளுகிறது. இரும்பு கனமாக இருப்பதால் சற்றுத் தாமதித்துத்தான் நகரும். அதற்குள் குண்டு குழலைவிட்டுப் போய்விடும். பின்னால் போகும் இரும்பு காலி உறையை வலப்பக்கம் எறியும். வில் அதைத் திரும்பத் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அள்ளிக்கொண்டு வந்து மூடும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள்.

1959-இல் ரெமிங்டன் நிறுவனம் நைலான் உடலோடு ஒரு செமி ஆட்டோமேட்டிக்கை இறக்கியது. எண்ணெய் போடாமலே ஓடும் என்பது அதன் விளம்பரம். அதை நிரூபிக்க நிறுவனத்தின் விற்பனையாளர் டாம் ஃப்ரை, அந்தரத்தில் வீசப்பட்ட சிறு மரக்கட்டைகள் 1,00,010-ஐச் சுட்டார். ஆறு மட்டுமே தவறின. ஐந்து ஆண்டு கழித்து, 1964-இல், ரூகர் 10/22 வந்தது. பத்துத் தோட்டாக்கள் ஒரு சக்கரத்தைச் சுற்றி அடுக்கிய மேகசின்; அது துப்பாக்கியின் வயிற்றோடு சமமாக அடங்கிவிடும், வெளியே துருத்தாது. மிக அதிகமாக விற்ற செமி ஆட்டோமேட்டிக் .22-களில் அதுவும் ஒன்று.

மேகசினில் பத்து என்ற அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சட்டப் புத்தகத்தில் அது மறுபடி வரும்.

முயல் பகையான போது

வேகமான துப்பாக்கிக்கு வேலை வர, முயலின் விலை விழ வேண்டியிருந்தது. நியூசிலாந்து அதை வேண்டுமென்றே செய்தது.

அங்கே முயல் நிலைகொண்டது 1860-களில். தெற்குத் தீவின் சென்ட்ரல் ஒட்டாகோ பகுதி மழை குறைந்த, பாறையும் புல்லுமான நாடு. முயலுக்கு அதைவிடச் சொர்க்கம் வேண்டாம். 1876-இல் முயல் தொல்லைச் சட்டம் வந்தது. 1880-களில் பார்வைக்குக் கீரியை ஒத்த ஸ்டோட், ஃபெரட் போன்றவற்றை இறக்கிவிட்டார்கள்; அவை முயலை விட்டு, பறக்கத் தெரியாத நாட்டுப் பறவைகளைத் தின்றன. அரை நூற்றாண்டு போராடியும் முயல் குறையாததற்கு ஒரு காரணம் கண்கூடாகத் தெரிந்தது. முயல்தோலை நம்பிப் பிழைப்பவர் முயலை அடியோடு ஒழிப்பாரா? அடுத்த ஆண்டுக்கு விதை விட்டுவைப்பார்.

எனவே 1947-இல் முயல் ஒழிப்புக் குழுமம் அமைக்கப்பட்டதும், முயலின் சந்தையையே கொல்வது கொள்கை ஆனது. தோலுக்கு வரி விதித்தார்கள். பிறகு 1950-களில் முயல் விற்பனையையே தடுத்தார்கள். ஊர்தோறும் இருந்த முயல் வாரியங்கள் நில உடைமையாளரிடம் வரி வசூலித்தன; அரசு பவுண்டுக்குப் பவுண்டு மானியம் கொடுத்தது. முயல் பிடிப்பவர் சம்பளக்காரர் ஆனார். கடைசி முயல் வரை என்பதே அன்றைய முழக்கம். விமானத்திலிருந்து 1080 என்ற நஞ்சு தோய்த்த கேரட்டைக் கொட்டினார்கள். மிச்சமிருப்பவற்றை நாயும் துப்பாக்கியுமாகத் தேடிப் போனார்கள்.

இந்தப் புதிய கணக்கில் தோலில் விழும் ஓட்டைக்கு மதிப்பே இல்லை. தப்பிய முயல்தான் நட்டம். ஒரு சோடி தப்பினாலும் ஒரு பருவத்துக்குள் வளை நிறைந்துவிடும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் வண்டியின் பின்புறம் நின்று சுடுபவருக்கு, முதல் முயல் விழுந்த நொடியில் பக்கத்து முயல் ஓடத் தொடங்கும். அந்த நொடியில் கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமல், குறியைக் கலைக்காமல் அடுத்ததைச் சுட முடிந்தால் இரண்டும் விழும். அடிபட்டு இழுத்துக்கொண்டு ஓடும் முயலுக்கு உடனே இரண்டாவது குண்டு தருவதும் கருணைதான் என்று செமி ஆட்டோமேட்டிக் கட்சியினர் வாதிட்டார்கள்.

ஆனால் துப்பாக்கி எந்த வகையாயினும் எண்ணிக்கையை அது தீர்மானிக்கவில்லை. 1950-இல் ஆஸ்திரேலியாவில் மர்ரி ஆற்றுப் படுகையில் மிக்சோமட்டோசிஸ் கிருமி பரவத் தொடங்கியது. கொசுக்கள் அதை ஆற்றோரமாகச் சுமந்து சென்றன. இரண்டு ஆண்டுகளில் 60 கோடி என்று மதிப்பிடப்பட்ட முயல்கள் 10 கோடியாகக் குறைந்தன. மனிதருக்கும் தொற்றுமோ என்று மக்கள் அஞ்சியபோது மேக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் அந்தக் கிருமியைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு காட்டினார்கள். நூறு ஆண்டு சுட்டும் பொறிவைத்தும் நடக்காதது அந்த இரண்டு ஆண்டில் நடந்தது.

அன்றிலிருந்து ரைஃபிளின் பங்கு துப்புரவுப் பணி. நோயோ நஞ்சோ முக்கால்வாசியை முடித்த பின், டிராக்டரால் வளைகளைக் கிழித்த பின், எஞ்சியதை எடுப்பது. கூட்டமாக மேயும் முயல்களை விரைந்து வீழ்த்தும் வேலை அல்ல அது; ஏற்கெனவே நான்கைந்து முறை துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தப்பித்த, விளக்கைக் கண்டதுமே மறையும் சாமர்த்தியமான ஒற்றை முயலைத் தேடும் வேலை. இங்கே போல்ட் ஆக்‌ஷன் மறுபடி தலைதூக்கியது.

மூன்று துயரங்கள், ஒரு விதிவிலக்கு

1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டு ஊரில் ஒருவர் 16 பேரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டே அந்நாடு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்தது. ஒரே ஒரு வகையை மட்டும் விட்டுவைத்தது: .22 ரிம்ஃபயர்.

1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டனர். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத பிரதமர் ஜான் ஹோவர்டு, பன்னிரண்டே நாளில் எல்லா மாநிலங்களையும் ஒரே ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார். சேல் என்ற ஊரில் கொதித்தெழுந்த துப்பாக்கி உரிமையாளர்கள் முன்னால் அவர் மேலங்கிக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து பேசியதும், அந்த உருவம் மறுநாள் செய்தியானதும் ஆஸ்திரேலிய அரசியலில் இன்றும் பேசப்படுகிறது. அரசு விலை கொடுத்து வாங்கி நசுக்கிய துப்பாக்கிகள் 6,40,000-க்கும் மேல். அவற்றில் இராணுவப் பாணித் துப்பாக்கிகள் சிறுபான்மையே. பண்ணைக் கொட்டகைகளிலும் அலமாரிகளிலும் கிடந்த செமி ஆட்டோமேட்டிக் .22-களும் ஷாட்கன்களும்தான் குவியல் குவியலாக வந்தன.

விவசாயிக்கு மட்டும் ஒரு வாசல் திறந்து வைத்தார்கள். மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மிகாத செமி ஆட்டோமேட்டிக் ரிம்ஃபயரை அவர் 'சி' பிரிவில் வைத்துக்கொள்ளலாம். 1964-இன் ரூகர் மேகசின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் உயிரிழந்தனர். ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 10 அன்று, நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற வாக்கில் செமி ஆட்டோமேட்டிக்குகளைத் தடை செய்தது. இங்கும் .22 ரிம்ஃபயரும் பத்துத் தோட்டாவும் தப்பின. ஆனால் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நியூசிலாந்தில் உரிமம் உள்ள எவரும் அதை வைத்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் விவசாயியும் வேறு சிலரும் மட்டுமே. வார இறுதியில் நண்பரின் பண்ணையில் முயல் சுடப் போகும் மெல்போர்ன் குமாஸ்தாவுக்குத் தெரிவே கிடையாது. அவருக்கு போல்ட், அல்லது நெம்புகோல், பம்ப் வகைதான். லித்கோ தொழிற்சாலை 2010-களில் மீண்டும் பொதுமக்களுக்கு ரிம்ஃபயர் செய்ய முன்வந்தபோது எந்தத் தயக்கமும் இல்லாமல் போல்ட் ஆக்‌ஷனையே செய்தது.

சத்தத்தின் அரசியல்

சட்டம் இன்னொரு வழியாகவும் இந்தத் தெரிவுக்குள் நுழைகிறது. துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டும் ஒலியடக்கி ஆஸ்திரேலியாவில் சாதாரணமாக அனுமதி இல்லாத பொருள். நியூசிலாந்தில் அது கடையில் கிடைக்கும்; இங்கிலாந்திலும் முயல் சுடுபவருக்கு அனுமதி கிடைப்பது எளிது.

ஒலி வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டும் குண்டு காற்றைக் கிழித்துத் தனியாக ஒரு சாட்டை ஓசை எழுப்பும். ஒலியடக்கியால் அதைத் தடுக்க முடியாது. அதற்காகவே 320 மீட்டர் அளவில் பறக்கும் மெதுவான தோட்டாக்கள் உண்டு. மெதுவான தோட்டா, ஒலியடக்கி, போல்ட் ஆக்‌ஷன் மூன்றும் சேர்ந்தால் வெளியே கேட்பது ஊசியின் 'டிக்'கும், குண்டு படும் மொத்தென்ற ஓசையும்தான். அருகில் மேயும் முயல் காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைக் கடிக்கும். சுடுபவர் அவசரப்படாமல் பிடியைத் தூக்கி இழுத்து அடுத்ததை ஏற்றுவார். வேகம் தேவையில்லை என்ற நிலையை மௌனமே ஏற்படுத்திவிடுகிறது.

செமி ஆட்டோமேட்டிக்கில் இதே தோட்டாவைப் போட்டால் மூன்று தொல்லை. இரும்புத் துண்டைப் பின்னே தள்ளும் பலம் சில மெதுவான தோட்டாக்களுக்கு இல்லை. உறை பாதி வழியில் சிக்கி நிற்கும். நன்றாக ஓடினாலும் இரும்பு போய்வரும் 'கடக்' ஓசை இருட்டில் தனியாகக் கேட்கும். ஒலியடக்கி வாயுவை அடைத்து வைப்பதால், திறந்த உறைவாய் வழியாகப் புகையும் ஈயக் கரியும் உள்ளே திரும்பி வரும். ஓரிரு நூறு தோட்டாவுக்கு ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் பத்தில் ஒன்று அடைக்கும். அதுவும் வேலியோரம் பெரிய முயல் நிற்கும்போதுதான் அடைக்கும்.

பாதுகாப்பிலும் போல்ட் கட்சிக்கு ஒரு வாதம் உண்டு. வண்டியில் ஏறி இறங்கி, வேலி தாண்டி, வாயிற்கதவு திறந்து மூடுவதுதான் பண்ணையில் பாதி இரவு. போல்ட் துப்பாக்கி சுட்ட பின் காலி உறையோடு நிற்கும். பிடியைத் திறந்து வைத்தால் அடுத்தவர் தொலைவிலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். செமி ஆட்டோமேட்டிக்கோ ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் உயிருள்ள தோட்டாவை அறையில் ஏற்றிக்கொண்டு காத்திருக்கும்.

2002-இல் ஹார்னடி நிறுவனம் .17 எச்எம்ஆர் என்ற புதிய ரிம்ஃபயரைக் கொண்டுவந்தபோது தராசு இன்னும் சாய்ந்தது. ஒரு கிராமை ஒட்டிய சிறு குண்டு, நொடிக்கு 770 மீட்டருக்கு மேல் வேகம், நூற்றைம்பது மீட்டரில் இருக்கும் முயலுக்கும் நேர்க்கோடு. ஆனால் அதன் அழுத்தம் கூடுதல். கனமான இரும்பையும் வில்லையும் மட்டும் நம்பிய பழைய செமி ஆட்டோமேட்டிக் அமைப்பில், உறை அறையை விட்டு வெளியேறும் முன் அழுத்தம் தணியவில்லை. மெல்லிய உறைகள் வெடித்தன. அந்தத் தோட்டாவுக்குச் செய்த ஒரு செமி ஆட்டோமேட்டிக் மாடலைச் செய்தவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பூட்டித் தாமதிக்கும் புதிய பொறியமைப்போடு சாவேஜ் நிறுவனத்தின் ஏ17 வந்தது 2015-இல்தான். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் தொலைதூர முயல் வேட்டைக்காரர்கள் போல்ட்டுக்கே பழகிவிட்டிருந்தார்கள்.

இருந்தும் செமி ஆட்டோமேட்டிக் ஓய்வு பெறவில்லை. சென்ட்ரல் ஒட்டாகோவின் கதையே அதற்குச் சான்று. 1997-இல் முயல் கலிசி கிருமியை இறக்குமதி செய்ய நியூசிலாந்து அரசு மறுத்தது. ஓரிரு மாதத்தில் அந்தக் கிருமி கள்ளத்தனமாக நாட்டுக்குள் வந்துவிட்டது. இறந்த முயலின் ஈரலைச் சமையலறை மிக்சியில் அரைத்து, கேரட்டிலும் ஓட்ஸிலும் கலந்து விவசாயிகளே பண்ணை பண்ணையாகப் பரப்பினார்கள். தாறுமாறாகவும் பருவம் தவறியும் பரப்பியதில் பல முயல்கள் சாகாமல் எதிர்ப்புச் சக்தி பெற்றுக்கொண்டன. சில ஆண்டுகளில் குன்றுகள் மறுபடி அசையத் தொடங்கின. அலெக்சாண்ட்ரா நகரில் ஈஸ்டர் தோறும் நடக்கும் முயல் வேட்டைப் போட்டிக்கு அணி அணியாக ஆட்கள் வந்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் சுட்டுக் குவித்தார்கள். 2018-இல் கே5 என்ற புதிய வகைக் கிருமியை, இம்முறை அரசு அனுமதியோடு, மீண்டும் வெளியே விட வேண்டியிருந்தது.

இப்படி முயல் அடர்ந்து கிடக்கும் சரிவுகளில், நஞ்சிட முடியாத திராட்சைத் தோட்ட ஓரங்களிலும் வீட்டு மனைகளுக்கு அருகிலும், ஒப்பந்தத்துக்குச் சுடுபவர்கள் நான்கு சக்கர பைக்கில் ஏறி முதல் சுற்றைச் செமி ஆட்டோமேட்டிக்கால் முடிக்கிறார்கள். சில வாரம் கழித்து, மிஞ்சியவை விளக்குக்கு அஞ்சப் பழகிய பின், உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கண்ணாடி பொருத்திய, ஒலியடக்கி மாட்டிய போல்ட் ஆக்‌ஷனோடு நடந்தே போகிறார்கள். ஆஸ்திரேலிய எல்லைக்குள் அதே வேலையைச் செய்பவர், முதல் சுற்றுக்கான துப்பாக்கிக்கு 'சி' பிரிவு விண்ணப்பத்தை நிரப்பிக் காவல் நிலையத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.